7. உறைப்பு வேறு, மரமரப்பு வேறு: சிச்சுவான் உணவகத்தில் உங்கள் நாக்குக்கு ஏற்றதை வரவழைப்பது

செங்டூவில் முதல் நாள் சாப்பிட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். மெனுவில் ஏதோ ஒரு படத்தைக் காட்டி, "காரம் குறைத்து" என்று சைகையில் சொல்கிறார்கள். சமையல்காரரும் மிளகாயைக் குறைத்துத்தான் அனுப்புகிறார். ஆனால் இரண்டாவது வாயிலேயே உதடு துடிக்கிறது, நாக்கு நுனி மரத்துப்போகிறது, குடிக்கிற தண்ணீர்கூட உப்புக்கரிக்கிற மாதிரி இருக்கிறது. என் முதல் பயணத்தில் எனக்கும் இதுதான் நடந்தது. ஒவ்வாமையோ என்று பயந்து பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். குறைக்க வேண்டியது எது என்பது எனக்கே தெரியாமல் இருந்ததால் வந்த வினை அது.

இந்த அத்தியாயத்தை முடித்ததும் நீங்கள் மூன்று காரியங்களைச் செய்ய முடியும்: உங்கள் நாக்கு எதைத் தாங்கும் என்று சோதித்துக்கொள்வது, உணவின் பெயரை வைத்தே அதன் சுவையைக் கணிப்பது, ஐந்தாறு சொற்களை வைத்துக்கொண்டு வேண்டியபடி ஆர்டர் செய்வது.

ஊரில் சாப்பிட்ட ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். வற்றல் மிளகாய், பூண்டு, வினிகர் சேர்த்து இந்தியாவில் உருவான சாஸ் அது. சிச்சுவான் சமையலின் உயிர்நாடியான ஹுவாஜியாவ் பெரும்பாலும் அதில் இருப்பதே இல்லை. ஆந்திர ஊறுகாயை அசராமல் சாப்பிடுகிறவர்கள்கூட இங்கே திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு சொற்கள்: மா, லா

சிச்சுவான்காரர்கள் நாம் 'காரம்' என்று ஒன்றாகச் சொல்வதை இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

'லா' என்றால் உறைப்பு. மிளகாயிலிருந்து வருவது. நமக்குப் பழகியதுதான், சொல்லித்தர எதுவும் இல்லை.

'மா' என்றால் மரமரப்பு. ஹுவாஜியாவிலிருந்து வருவது. சிச்சுவான் மிளகு என்று பரவலாகச் சொன்னாலும் இதற்கும் நம் மிளகுக்கும் உறவில்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சேர்ந்த தாவரக் குடும்பத்தில் பிறந்தது இது. சமையலுக்கு ஆகிறது காய்ந்து வெடித்த மேல்தோல் மட்டும். உள்ளிருக்கும் கறுப்பு விதை மணல்போல் நறநறக்கும் என்பதால் நீக்கிவிடுவார்கள். நாட்டு மருந்துக்கடை அக்கரகாரத்தை வாயில் அடக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு ஓரளவு புரியும்: எரிச்சல் இல்லை, ஆனால் நாக்கில் மின்சாரம் ஓடுவதுபோல் ஒரு துடிப்பும், வாய் நிறைய எச்சிலும். சான்ஷூல் என்ற வேதிப்பொருள் தொடு நரம்புகளைத் தூண்டுவதால் வருகிறது. லண்டனில் ஆய்வாளர்கள் 2013-இல் அளந்து பார்த்தபோது, உதட்டில் தோன்றும் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகளுக்கு ஈடாக இருந்தது.

இரண்டும் சேர்ந்தால் 'மாலா'. மெனுவில் இந்தச் சொல்லைக் கண்டாலே இரண்டு மடங்கு ஆயத்தமாகிக்கொள்ளுங்கள். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், அதை மட்டும் குறைக்கச் சொல்லலாம். நம் ஊர்க்காரர்களில் பலருக்கு லா சிக்கலே இல்லை, மாதான் சிக்கல்.

நாக்கைச் சோதிக்கும் முறை

செங்டூவில் எந்தக் காய்கறிச் சந்தைக்குப் போனாலும் மூட்டை திறந்த மசாலாக் கடை இருக்கும். உணவகத்துக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

1. சிவப்பு ஹுவாஜியாவ் ஒன்றே ஒன்று கேட்டு வாங்குங்கள். ஹன்யுவான் வட்டாரத்தில் விளைவது பேர்பெற்றது. ஒரு காலத்தில் அரசவைக்குக் காணிக்கையாகப் போனது.

2. உள்ளே கறுப்பு விதை இருந்தால் எடுத்துவிட்டுத் தோலை முன்பற்களால் இரண்டு முறை கடியுங்கள். நாக்கு நுனியில் அரை நிமிடம் வைத்திருந்து துப்பிவிடுங்கள். விழுங்க வேண்டாம்.

3. முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை வரும், பிறகு லேசான கசப்பு, அதற்கப்புறம் துடிப்பு. துடிப்பு உச்சத்துக்குப் போய்ச் சில நிமிடங்களில் தணிவதைக் கவனியுங்கள். தானாகவே தணிகிறது என்று உடம்பு ஒருமுறை தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். இந்தச் சோதனையின் முக்கியப் பயனே அதுதான்.

4. கால் மணி நேரம் கழித்து, விருப்பமிருந்தால், பச்சை வகையையும் பாருங்கள். 'டெங்ஜியாவ்' என்பார்கள். வாசனை இன்னும் கூர்மை, துடிப்பும் சட்டென்று ஏறும்.

குறிப்பு: இரண்டையும் அடுத்தடுத்துக் கடிக்காதீர்கள். முதலாவதில் மரத்த நாக்கு இரண்டாவதைச் சரியாகச் சொல்லாது.

சிவப்பைக் கண்டு பயப்படாதீர்கள், வெளுப்பை நம்பாதீர்கள்

தட்டின் நிறம் உறைப்பின் அளவைச் சொல்லாது. சிவப்பு எண்ணெயில் மிதக்கும் சில குளிர்ந்த பதார்த்தங்கள் பார்க்கத்தான் பயங்கரம். எர்ஜிங்டியாவ் என்ற நீண்ட மிளகாயை நிறத்துக்கும் மணத்துக்கும்தான் போடுகிறார்கள், உறைப்பு மிதம். அதே சமயம், வெளுத்த குழம்பில் மேலே தூவிய பச்சை, சிவப்புச் சிறு மிளகாய், 'ஷியாவ்மிலா', நம் ஊசிமிளகாய்போல் சுளீரென்று ஏறும். குட்டையாக, வானத்தைப் பார்த்து நிற்கும் 'சாவ்தியன்ஜியாவ்' இரண்டுக்கும் நடுவில்.

பெயரும் ஏமாற்றும். இரண்டு பதார்த்தங்களைச் சொன்னால் போதும். 'ஷுய்ஜூ யூ' என்றால் 'நீரில் வேகவைத்த மீன்'. மொழிபெயர்த்த மெனுவில் இதைப் பார்த்துப் பத்தியச் சாப்பாடு என்று நினைத்து ஆர்டர் செய்கிறவர்கள் ஏராளம். வருவதோ மிளகாயும் ஹுவாஜியாவும் அடுக்கடுக்காகத் தூவி, கொதிக்கும் எண்ணெய் ஊற்றிய பெரிய கிண்ணம். இதன் மாட்டிறைச்சி வடிவம் சிகோங் உப்புக் கிணறுகளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1835-இலேயே 1,000 மீட்டருக்கும் கீழே துளையிட்டு உவர்நீர் எடுத்த ஊர் அது. அந்த நீரை இறைக்க உழைத்த மாடுகளின் இறைச்சி தொழிலாளிகளின் உணவானது என்பது கதை.

இன்னொன்று 'காய்ஷுய் பாய்ச்சாய்', 'கொதிநீர்க் கோஸ்'. இதிலும் தண்ணீர். ஆனால் இது சிச்சுவானின் மிக மென்மையான பதார்த்தங்களில் ஒன்று. கோழியை வைத்துப் பல மணி நேரம் காய்ச்சி, இறைச்சி விழுதைப் போட்டு மாசு நீக்கி, பச்சைத் தண்ணீர்போல் தெளிந்த சாற்றில் இளங்கோஸ். துளி மிளகாய் கிடையாது. சிச்சுவான் என்றால் காரம் என்று நம்புகிறவர்கள் ஒருமுறையாவது சாப்பிட வேண்டும். இங்கே சமையல்காரர்கள் சுவைக் கலவைகளை 24 வகை என்று எண்ணுவது வழக்கம். அவற்றில் மிளகாயே இல்லாதவை எத்தனையோ. மிளகாய் இந்த மண்ணுக்கு வந்ததே பிற்காலத்தில்தான். சீனாவில் அதைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1591-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம்மைப் போலவே அவர்களும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளியைத்தான் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள்.

பெயரிலிருந்தே சுவையைக் கண்டுபிடிப்பது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்: காரமான உணவின் காரத்தைக் குறைக்கச் சொல்வதைவிட, இயல்பிலேயே மிதமான உணவைத் தேர்ந்தெடுங்கள். மிளகாய் குறைத்த ஷுய்ஜூ யூ வெறும் எண்ணெயில் கிடக்கும் மீன். வற்றக்குழம்பில் புளியைக் குறைத்தால் என்ன மிஞ்சுமோ, அதுதான் மிஞ்சும். மிதமாகவே பிறந்த பதார்த்தம் அதன் முழு அழகோடு வரும்.

நல்லவேளையாக, பெயரிலேயே சுவைவகை ஒட்டிக்கொண்டிருக்கும்.

'யூஷியாங்' என்று தொடங்கினால்: தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நேர்ப்பொருள் 'மீன் மணம்'. மீன் துளியும் கிடையாது. மீன் சமைக்கப் பயன்படும் ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் இவற்றோடு சர்க்கரையும் வினிகரும் சேர்வதால் அந்தப் பெயர். புளிப்பும் இனிப்பும் முன்னால் நிற்கும், உறைப்பு பின்னால் வரும், மா இல்லை. 'யூஷியாங் ச்சியேஸ' என்ற கத்தரிக்காயை நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் வாயில் வெண்ணெயாகக் கரையும். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றில் பிசைந்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை முதல் வாயிலேயே தெரியும்.

'குங்பாவ்' என்று தொடங்கினால்: வற்றல் மிளகாயை எண்ணெயில் கருக்கி எடுத்த மணம், லிச்சிப் பழம்போல் இனிப்பும் புளிப்பும், வேர்க்கடலை. மிதமான உறைப்பு, கொஞ்சம் மா. 19-ஆம் நூற்றாண்டில் சிச்சுவான் ஆளுநராக இருந்த டிங் பாவ்ஜெனின் பட்டப்பெயரிலிருந்து வந்த பெயர் இது. தட்டில் கிடக்கும் வற்றல் மிளகாயை ஒதுக்கிவிடுங்கள். அது தாளிப்பு வற்றல் மாதிரிதான்.

'ஹொங்யோ' வந்தால்: மிளகாய் எண்ணெயில் தோய்ந்தது, பெரும்பாலும் குளிர்ந்த பதார்த்தம் அல்லது கொழுக்கட்டைபோல் மாவுக்குள் பூரணம் வைத்தது. மணம் அதிகம், உறைப்பு நடுத்தரம், பலவற்றில் லேசான இனிப்பும் உண்டு.

'மாபோ' வந்தால்: இப்போது மா தொடங்குகிறது. மாபோ தோஃபூ 1862-இல் செங்டூவின் வடக்கே ஒரு பாலத்தருகே கடை நடத்திய சென் குடும்பத்துப் பெண்மணியின் கைப்பக்குவமாக அறியப்படுகிறது. அவர் முகத்தின் அம்மைத் தழும்பால் வந்த பட்டப்பெயர் இன்றும் அந்தத் தட்டில் இருக்கிறது. மென்மையான தோஃபூ, பீஷியன் வட்டாரத்தில் மொச்சை வகைப் பருப்பையும் மிளகாயையும் புளிக்கவைத்துச் செய்யும் 'தோபான்ஜியாங்' விழுது, பொடித்த மாட்டிறைச்சி, மேலே வறுத்துப் பொடித்த ஹுவாஜியாவ். பொடியைக் கடைசியில்தான் தூவுகிறார்கள். ஆகவே இதில் மட்டும் 'ஹுவாஜியாவ் குறைத்து' என்று சொன்னால் சுவை கெடாமல் குறைத்துக் கொடுக்க முடியும்.

'லாட்ஸஜி': மிளகாய் மலையில் கோழித் துண்டுகளைத் தேடி எடுப்பது. சோங்சிங் நகரத்தின் கெலேஷான் பகுதி இதற்குப் பேர்போனது. பார்த்தவுடன் மலைக்க வேண்டாம். மிளகாய் தின்பதற்கல்ல, மணத்துக்கு. கோழியை மட்டும் பொறுக்கினால் ஷுய்ஜூவைவிடச் சாதுவாகவே இருக்கும். சிறு எலும்போடு நறுக்கியிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கவனம்.

'மாலா', 'ஷுய்ஜூ' வந்தால்: மூன்றாம், நான்காம் நாளுக்கு வையுங்கள்.

மிளகாய் அறவே வேண்டாத நாளுக்குத் தேயிலைப் புகையில் வாட்டிய வாத்து இருக்கிறது. எந்தச் சிறு கடையிலும் தக்காளி முட்டைப் பொரியல், 'ஃபான்ச்சியே ச்சாவ்தான்', சொன்னவுடன் செய்து தருவார்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

ஆர்டர் செய்யும் வரிசை

நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு தட்டு வாங்கி அவரவர் சாப்பிடும் பழக்கம் இங்கே இல்லை. எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்வதுதான். தலைக்கு ஒரு பதார்த்தம், கூடவே ஒரு சூப்.

1. முதலில் சோற்றைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கறியெல்லாம் முடிகிற நேரத்தில்தான் சோறு வரும். அது அவர்கள் முறை. "மீஃபான் சியான் ஷாங்" என்றால் "சோறு முதலில்". காரத்துக்குச் சோறுதான் மெத்தை, அது பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

2. சூப்பைச் சொல்லுங்கள். கீரையோ தோஃபூவோ போட்ட தெளிந்த சூப். சிச்சுவான் வீடுகளிலும் இதுதான் சாப்பாட்டின் இளைப்பாறல்.

3. மிளகாய் இல்லாத கீரை அல்லது காய் ஒன்று. அன்றைக்கு எந்தக் கீரை புதிதாக வந்திருக்கிறது என்று சமையலறைப் பக்கம் கைகாட்டிக் கேளுங்கள். பூண்டு போட்டு வதக்கித் தருவார்கள்.

4. இனிப்பும் புளிப்பும் கலந்தது ஒன்று: யூஷியாங் அல்லது குங்பாவ்.

5. மா உள்ளது ஒன்றே ஒன்று. இரண்டு வேண்டாம். ஒன்றில் மரத்த நாக்குக்கு மற்றொன்றின் நுட்பம் தெரியாது, காசும் வீண்.

6. குளிர்ந்த பதார்த்தம் ஒன்று. அது முதலில் வந்துவிடும், பசி தாங்கும்.

7. எல்லாம் சொல்லி முடித்த பிறகு உறைப்பின் அளவைச் சொல்லுங்கள். ஒட்டுமொத்தமாகச் சொல்லாமல், ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக.

பல கடைகளில் மேசையில் ஒட்டியிருக்கும் குறியீட்டை ஃபோனில் வருடி ஆர்டர் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு பதார்த்தத்தையும் தொட்டால் உறைப்பு அளவுகள் பொத்தானாக வரும். கடைசியில் குறிப்பு எழுதவும் இடம் இருக்கும். கீழே உள்ள சொற்களைச் சீன எழுத்தில் முன்கூட்டியே ஃபோனில் சேமித்து வையுங்கள். உச்சரிப்பில் ஏற்ற இறக்கம் தவறினாலும் எழுத்து தவறாது.

வாயில் வைத்திருக்க வேண்டிய சொற்கள்

பூ-லா: உறைப்பு வேண்டாம்.
வெய்-லா: லேசான உறைப்பு.
ஜோங்-லா: நடுத்தரம்.
தே-லா: மிக அதிகம்.
பூ-யாவ் ஹுவாஜியாவ்: ஹுவாஜியாவ் வேண்டாம்.
ஷாவ்-மா: மரமரப்பு குறைவாக.

'வெய்-லா'வை உள்ளூர் அளவில் புரிந்துகொள்ளுங்கள். செங்டூவில் வெய்-லா என்றால் நம் வீட்டுச் சாதாரணக் குழம்பின் உறைப்பை எளிதாகத் தொடும். சோங்சிங்கில் இன்னும் ஒரு படி மேலே. 1997-இல் சிச்சுவானிலிருந்து பிரிந்து தனி மாநகராட்சியான நகரம் அது. காரத்தில் அவர்களுக்குத் தனிப் பெருமை உண்டு.

'பூ-லா' என்று சொன்னால் ஹுவாஜியாவும் போய்விடும் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் பத்தியில் சொன்ன விபத்து அப்படித்தான் நடந்தது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

சைவர்களுக்கும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். காய்கறிப் பெயர் மட்டும் இருப்பதால் தட்டு சைவமாகிவிடாது. வறட்டி வதக்கிய பீன்ஸில் பன்றிக்கொத்து இருக்கும். மாபோ தோஃபூவில் மாட்டிறைச்சி. யூஷியாங் கத்தரிக்காயிலும் பல கடைகளில் கொத்திறைச்சி சேர்ப்பார்கள். கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவதும் உண்டு. மேசையில் கொதிக்கும் குழம்பில் முக்கி வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட்டில், சிவப்புக் குழம்பின் அடிப்படையே பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு. எத்தனை காய்கறி போட்டாலும் அது மாட்டுக்கொழுப்பில்தான் வேகும்.

சொல்ல வேண்டியவை: "வோ ச்சர் சூ" (நான் சைவம்), "பூ-யாவ் ரோமோ" (கொத்திறைச்சி வேண்டாம்), "பூ-யாவ் ஜூயோ" (பன்றிக்கொழுப்பு வேண்டாம்), "பூ-யாவ் நியூரோ" (மாட்டிறைச்சி வேண்டாம்). கோழிச்சாறும் அதன் பொடியும் எங்கும் புகுந்திருப்பதால் கடுமையான சைவர்கள் புத்த மடாலயங்களை ஒட்டிய சைவ உணவகங்களுக்குப் போவதே நிம்மதி. செங்டூவில் வென்ஷூ மடாலயத்தில் அப்படி ஒன்று உண்டு. அங்கே பூண்டு, வெங்காயமும் தவிர்ப்பார்கள். ஹலால் வேண்டுவோர் 'சிங்ஜென்' என்ற சொல்லைப் பலகையில் தேட வேண்டும்.

சைவர்களுக்கு இன்னொரு நல்ல வழி 'தோஹ்வா'. புதிதாகத் திரிந்த மென்மையான தோஃபூவைத் தெளிந்த நீரோடும், தொட்டுக்கொள்ளும் காரத்தைத் தனிக் கிண்ணத்திலும் கொடுப்பார்கள். எவ்வளவு தொடுவது என்பது முழுக்க உங்கள் கையில். நாக்கைப் படிப்படியாகப் பழக்க இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கிண்ணத்தில் இறைச்சி கலக்கவில்லை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாட்பாட் மேசையில்

இதற்குத் தனி ஒழுங்கு உண்டு.

1. இரண்டாகப் பிரித்த பாத்திரத்தைக் கேளுங்கள்: 'யுவான்யாங் குவோ'. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் தெளிந்த சாறு. இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். உள்ளூர்க் குடும்பங்களும் பிள்ளைகளுக்காகக் கேட்பதுதான். மாட்டுக்கொழுப்பு வேண்டாதவர்கள் தாவர எண்ணெய்க் குழம்பு, 'சிங்யோ', இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

2. சிவப்புப் பக்கத்துக்கு வெய்-லா. குழம்பு கொதித்து வற்ற வற்ற உறைப்பு ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் சாதுவாக இருப்பது முக்கால் மணி நேரத்தில் மாறிவிடும். இடையில் சாறு ஊற்றச் சொல்லுங்கள்.

3. தொட்டுக்கொள்ள நல்லெண்ணெய்க் கிண்ணம். ஆளுக்கொரு சிறு டப்பா நல்லெண்ணெய் கொடுப்பார்கள். நசுக்கிய பூண்டு நிறைய, கொத்தமல்லி, கொஞ்சம் உப்பு போதும். எண்ணெயில் போய் எண்ணெயா என்று தோன்றும். ஆனால் மிளகாயின் உறைப்புச் சத்து எண்ணெயில்தான் கரையும். சிவப்புக் குழம்பிலிருந்து எடுத்த துண்டை நல்லெண்ணெயில் முக்கும்போது ஒட்டியிருக்கும் காரத்தில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது, சூடும் தணிகிறது. இட்லி மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

4. இறைச்சியும் மீனும் சிவப்புப் பக்கம் போகட்டும். கீரை, கோஸ், பொரித்த தோஃபூ இவற்றைத் தெளிந்த பக்கத்தில் போடுங்கள். இலை மடிப்புகளும் தோஃபூவின் துளைகளும் கார எண்ணெயைப் பஞ்சாக உறிஞ்சிக்கொள்ளும். சிவப்புக் குழம்பில் முக்கிய கீரைதான் மேசையிலேயே அதிக உறைப்பான பொருள். சைவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

5. மாட்டு இரைப்பை வகையான 'மாவ்தூ'வைச் சாப்பிடுகிறவர்கள் குச்சியை விடாமல் பிடித்து ஏறத்தாழ 15 நொடி மேலும் கீழும் முக்கினால் போதும். அதிகம் வெந்தால் ரப்பர். பச்சைக் கோழியும் பன்றியும் அப்படியல்ல, உள்ளே நிறம் முழுவதும் மாறும் வரை வேகட்டும்.

6. பச்சை இறைச்சி எடுக்கும் குச்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே வாயில் வைக்க வேண்டாம்.

எச்சரிக்கை: சிவப்புக் குழம்பின் மேல் எண்ணெய்ப் படலம் ஆவியை அடைத்துவிடும். ஆவி வராததால் ஆறிவிட்டது என்று தோன்றும், கீழே கொதித்துக்கொண்டிருக்கும். ஷுய்ஜூ கிண்ணத்துக்கும் மாபோ தோஃபூவுக்கும் இதே எச்சரிக்கை. மிளகாய் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. துண்டை எடுத்து எண்ணெய்க் கிண்ணத்திலோ சோற்றின் மேலோ பத்து நொடி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

வாய் எரியும்போது

1. தண்ணீரைத் தள்ளி வையுங்கள். எரிச்சலைப் பரப்பும், தீர்க்காது. பீரும் அப்படியே.

2. வெறும் சோற்றை ஒரு கவளம் மெதுவாக மென்று நாக்கு முழுவதும் படரவிட்டு விழுங்குங்கள்.

3. பாலோ தயிரோ வரவழையுங்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் உறைப்புச் சத்தைப் பற்றிக்கொண்டு போகும். 'சுவான்னாய்' என்று கேட்டால் எந்த மூலைக்கடையிலும் குடிக்கும் தயிர் கிடைக்கும். காரக் கடைகள் பலவற்றில் சோயாவும் கொட்டைகளும் அரைத்த 'வெய்யீ' என்ற பானத்தைக் குடும்பமே வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடும், நீங்களும் வாங்குங்கள். வேர்க்கடலை, கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தொடாதீர்கள்.

4. 'பிங்ஃபென்' என்ற குளிர்ந்த கூழ்ப்பாகு, மேலே வெல்லப்பாகு. கொஞ்ச நேரத்துக்கு நல்ல ஆறுதல்.

5. மரமரப்புக்கு மருந்து தேட வேண்டாம். சில நிமிடம் பேசாமல் இருந்தால் போகும். ஹுவாஜியாவ் முழுசாக வாயில் அகப்பட்டுவிட்டால் மெல்லாமல் எடுத்துவிடுங்கள். இங்கே எல்லோரும் தட்டின் ஓரத்தில் எடுத்து வைப்பார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

மரமரப்பு வாய்க்குள்ளும் உதட்டிலும்தான் இருக்கும். உதடு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கினாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ, மூச்சு இறுகினாலோ அது காரமல்ல, ஒவ்வாமை. அவசர ஊர்திக்கு 120 எண்ணை அழையுங்கள். வேர்க்கடலையும் எள்ளும் சிச்சுவான் சமையலில் எங்கும் இருக்கின்றன. ஒவ்வாமை உள்ளவர்கள் 'ஹுவாஷெங்' (வேர்க்கடலை), 'ஜிமா' (எள்) என்ற சொற்களை எழுதி வைத்துக்கொண்டு உட்காரும் முன்பே காட்டுங்கள்.

வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல், மூலம் உள்ளவர்கள் மாலா வகையைத் தொடாமலிருப்பது நல்லது. வெறும் வயிற்றில் யாரும் வேண்டாம். மரத்த நாக்கு உறைப்பைக் குறைத்துக் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள். நாக்கு சரியென்று சொன்னதை வயிறு இரவில் மறுக்கும். மிளகாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணில் அணிந்த லென்ஸைக் கழற்றுங்கள்.

அடுத்தடுத்த நாட்கள்

முதல் நாள் யூஷியாங், தெளிந்த சூப். இரண்டாம் நாள் குங்பாவும், ஹுவாஜியாவ் குறைத்த மாபோ தோஃபூவும். மூன்றாம் நாள் அதே மாபோவைக் குறைக்காமல் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். ஹாட்பாட் நான்காம் நாள், மறுநாள் காலையில் நீண்ட பேருந்துப் பயணம் எதுவும் இல்லாதபடி பார்த்து.

அந்த மறுநாள் காலையில் சோங்சிங்கில் இருந்தால், தெருவோர நூடுல்ஸ் கடை ஒன்றில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருங்கள். ஷியாவ்மியன் ஒரு கிண்ணம், ஷாவ்-மா, வெய்-லா. கிண்ணத்தில் முதலில் மசாலாவும் எண்ணெயும் போட்டு அப்புறம்தான் நூடுல்ஸை அள்ளிப் போடுவார்கள். கரண்டி மிளகாய் எண்ணெயைத் தொடும் அந்த நொடியில் கைகாட்டினால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்கள்.